கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் 22 வருடமாக பார்லர் வைத்திருக்கிறேன். தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து மண்டபங்களில் இடம் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே ஃபவுண்டேஷன் (முகத்தின் நிறத்தைச் சீராக்குகிற அடிப்பூச்சு) போடுவது, கான்டூர் (நிழல் மாதிரி பூசி முகத்துக்கு வடிவம் காட்டுவது) செய்வது பற்றித்தான். இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, முதல் தடவையாக ஃபவுண்டேஷன் வாங்கினேன். கடையில் கையில் தடவிப் பார்த்தபோது நன்றாக இருந்தது. வீட்டில் போட்டால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. பஸ் ஸ்டாப் போவதற்குள் திட்டுத் திட்டாகிவிடுகிறது. மாசியில் என் அக்காவுக்குக் கல்யாணம். பார்லரில் கொடுக்கிற அளவுக்கு வசதியில்லை. நானே எப்படிப் போட்டுக்கொள்வது?
*— கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை*

முதலில் அந்தச் சாம்பல் நிறம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பவை பெரும்பாலும் நான்கே பொருட்கள்தான். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு மூன்று வகை இரும்பு ஆக்சைடு. ஷேடு வெளுக்க வெளுக்க அந்த வெள்ளைப் பொடி அதிகமாகும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மேல் அதைப் பூசினால் வெளுப்பாகத் தெரியாது, அடுப்புச் சாம்பல் மாதிரிதான் தெரியும். உங்கள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. உங்கள் நிறத்தைவிட வெளுத்த ஷேடை வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் என் தங்கைக்குத் திருவொற்றியூர் கோயிலில் கல்யாணம். அலங்காரம் என் பொறுப்பு. "கொஞ்சம் வெளுப்பாவே போடு, போட்டோல பளிச்சுனு வரும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் இரண்டு ஷேடு வெளுத்த பேன்கேக்கை, அதாவது ஈர ஸ்பாஞ்சால் பூசுகிற கட்டி ஃபவுண்டேஷனைப் போட்டேன். காலை முகூர்த்தம், நல்ல வெயில். தாலி கட்டும் படத்தில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மாலையைப் பிடித்திருக்கும் கை ஒரு நிறம். அந்த ஆல்பத்தை எப்போது புரட்டினாலும் எனக்கு மனசு வலிக்கும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நிறத்தை மாற்றி நான் போடுவதில்லை.

சரி, வாங்குவது எப்படி? கையில் தடவிப் பார்க்காதீர்கள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. காசிச் செட்டித் தெருவோ, உங்கள் தெருமுனை ஃபேன்சி ஸ்டோரோ, எங்கே வாங்கினாலும் பக்கத்துப் பக்கத்து மூன்று ஷேடுகளை எடுத்து, தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி மூன்று கோடு போடுங்கள். அதோடு கடையை விட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கடை டியூப்லைட்டை நம்பாதீர்கள். எந்தக் கோடு தோலோடு கலந்து காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. உடனே காசு கொடுத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் வேறு சாமான் வாங்கிவிட்டு வந்து மறுபடியும் பாருங்கள். சில ஃபவுண்டேஷன் தோலின் எண்ணெயும் காற்றும் பட்டுக் கொஞ்சம் கறுத்துவிடும்.

இன்னொன்று நம் வீடுகளில் மட்டுமே வருகிற சிக்கல். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு அன்றைக்கே ஷேடு பார்க்கப் போகாதீர்கள். முகத்தில் மஞ்சள் நிற்கும்போது எடுத்த ஷேடு, மூன்று நாள் கழித்து முகத்துக்கு ஒட்டாது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நலங்கு வைப்பவர்களும் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது போடுவது. முகம் கழுவி மாய்ஸ்சரைசர், பகல் என்றால் அதன் மேல் சன்ஸ்க்ரீன். பிறகு பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். ஈரம் காய்வதற்குள் அடுத்ததைப் பூசினால்தான் திட்டுத் திட்டாக வரும், அழுக்குத் திரளுகிற மாதிரி உருண்டும் வரும். ஃபவுண்டேஷனுக்கு அடியில் பிரைமர் என்ற வழவழப்பான பூச்சு போடுகிற பழக்கம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வழவழவென்று வழுக்குகிற சிலிக்கான் பிரைமர் மேல் தண்ணீர் அடிப்படையில் செய்த ஃபவுண்டேஷன் பல நேரம் நிற்காது, பிரிந்துவிடும். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

ஒரு பட்டாணி அளவு போதும். புறங்கையில் எடுத்துக்கொண்டு மூக்கின் இரு பக்கம், கன்னத்தின் நடு, முகவாய், நெற்றியின் நடு என்று புள்ளி வையுங்கள். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, தட்டித் தட்டி வெளிப்பக்கமாகக் கொண்டுபோங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கீழே இருக்கிற சன்ஸ்க்ரீனும் சேர்ந்து வந்துவிடும். ஸ்பாஞ்ச் இல்லையா? கையை நன்றாகக் கழுவிவிட்டு மோதிர விரலால் தட்டுங்கள், விரல் சூட்டில் நன்றாகவே கலக்கும்.

முகத்தின் நடுவில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்கு நெற்றி ஓரமும், காதுப் பக்கமும், தாடை ஓரமும் நடு முகத்தைவிட ஒரு பிடி கறுப்பாகத்தான் இருக்கும். முகத்துக்கு வடிவம் கொடுப்பதே அந்த நிழல்தான். அதன் மேல் ஒரே நிறத்தைச் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடித்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். பிறகு அதே இடத்தில் கான்டூர் வைத்து நிழலைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். ஓரத்தை விட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் வெளுத்த கன்சீலரை (கறையை மறைக்கிற கெட்டிப் பூச்சு) நேராக அதன் மேல் வைக்காதீர்கள், அங்கேயும் சாம்பல்தான் வரும். கறுப்பைச் சரிக்கட்டுகிற ஆரஞ்சு நிற கரெக்டரைத் துளி வைத்துத் தட்டிவிட்டு, அதன் மேல் உங்கள் நிறத்துக் கன்சீலர். கருவளையத்தில் இருக்கிற நீலத்தை ஆரஞ்சு அடக்கிவிடும். கடைசியில் பவுடர், நெற்றி, மூக்கு, முகவாயில் மட்டும்.

ஏற்கெனவே வாங்கிய வெளுத்த ஃபவுண்டேஷனைத் தூக்கிப் போட வேண்டாம். அதே கம்பெனியில் அதே வகையில் ஒரு கறுத்த ஷேடு வாங்கி, இரண்டையும் புறங்கையில் கலந்து உங்கள் நிறத்துக்குக் கொண்டு வாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்து, நாலு மணி நேரம் அப்படியே வைத்திருந்து பாருங்கள். அதற்கும் முந்தைய நாள் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, அரிப்பு வருகிறதா என்று ஒரு நாள் பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு வட்ட முகம். வீடியோ பார்த்து கான்டூர் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கன்னத்துல அழுக்கு? போய்க் கழுவிட்டு வா" என்கிறார். என் மாதிரி கறுப்பாக இருப்பவர்களுக்கு கான்டூர் ஒத்துவராதா?
*— வாசகி, பெரம்பூர்*

நன்றாக ஒத்துவரும். அம்மாவின் கண்ணில் குறை இல்லை, அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நிழல் மாதிரி தெரிய வேண்டியது, பூசின கோடாகத் தெரிந்திருக்கிறது.

கான்டூர் என்பது நிழல். பகலில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று கண்ணாடி பாருங்கள். கன்னத்து எலும்புக்குக் கீழே உங்களுக்கே உரிய ஒரு நிழல் விழுந்திருக்கும். வட்ட முகத்திலும் இருக்கும், மெல்லியதாக. அந்த நிழலின் நிறம் என்ன என்று பாருங்கள். செம்மண் நிறமாக இருக்காது, வறுத்த காபிக்கொட்டைப் பொடி நிறமாக இருக்கும். பிரான்ஸர் என்று மினுமினுப்போடு ஆரஞ்சாக விற்பதை வாங்கி கான்டூராகப் போட்டால் கன்னத்தில் துரு ஏறின மாதிரி இருக்கும், அது வேறு சாமான். வெளுத்த தோல்காரர்களுக்கென்று வருகிற சாம்பல் கலந்த பழுப்பும் நமக்கு ஆகாது. நம் தோலில் அதுதான் அழுக்காகத் தெரிகிறது. நீங்கள் போட்டது அதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் நிறத்துக்கு நல்ல அடர் பழுப்பு, மினுப்பே இல்லாதது வேண்டும். தனியாக வாங்கப் பணம் இல்லையென்றால் உங்கள் ஃபவுண்டேஷனிலேயே இரண்டு ஷேடு கறுத்தது போதும். மினுங்காத பழுப்பு ஐஷேடோ இருந்தால் அதுவும் ஆகும்.

இடம்தான் முக்கியம். விரலை காதின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வைத்துக் கன்னத்து எலும்பைத் தடவுங்கள். எலும்பின் அடி விளிம்பு தட்டுப்படும். காதுப் பக்கத்தில் தொடங்கி அந்த விளிம்பை ஒட்டியே வாருங்கள். கண்ணின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே வந்ததும் நிறுத்திவிடுங்கள். வீடியோவில் பலர் வாய் ஓரம் வரை இழுக்கிறார்கள். வாய் வரை வந்தால் கன்னம் ஒட்டிப்போய் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி இருக்கும்.

நிறம் காதுப் பக்கம்தான் அதிகமாக இருக்க வேண்டும், முன்னால் வர வர மங்க வேண்டும். பிரஷ்ஷை மேல்நோக்கிக் கலையுங்கள், கீழே இழுத்தால் முகம் தொங்கும். வட்ட முகத்துக்கு இன்னும் இரண்டு இடம் உதவும். நெற்றியின் இரு ஓரமும், தாடை எலும்பின் அடியும். தாடையில் வைத்ததைக் கழுத்துக்குள் இறக்கிக் கலைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முகமூடி போட்ட மாதிரி ஒரு விளிம்பு நிற்கும். மூக்குக்கு இரண்டு கோடு போடுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது கை பழகினவர்களுக்கே தப்பும். எனக்கு மூக்கில் தொடவே மனசு வருவதில்லை, நம் மூக்கெல்லாம் மூக்குத்திக்கு அழகாகவே இருக்கின்றன.

வரிசையும் மாறக் கூடாது. கிரீமாக இருந்தால் ஃபவுண்டேஷனுக்கு அடுத்து, பவுடருக்கு முன்னால். பவுடர் கான்டூர் என்றால் முகத்துக்குப் பவுடர் போட்ட பிறகு. பவுடர் மேல் கிரீமை வைத்தால் அந்த இடம் களிம்பு மாதிரி கட்டிக்கொள்ளும், எவ்வளவு தட்டினாலும் கலையாது.

போட்டு முடித்ததும் உங்கள் அறை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். கூரை டியூப்லைட் மேலிருந்து அடிக்கும்போது எல்லாருக்கும் கன்னம் குழிந்துதான் தெரியும், அதை நம்பினால் கான்டூர் சரியாக வந்ததா என்று தெரியாது. ஜன்னல் பக்கம் போய் போனில் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பழுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் இன்னும் கலைக்க வேண்டும். அப்புறம் அம்மாவிடம் காட்டுங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் கானா பாடுகிறேன். மேடை விளக்கில் முகம் எண்ணெய் வழிகிறது. போட்டோவில் சில சமயம் முகம் வெள்ளை வெள்ளையாக வருகிறது. ஆண்கள் இதெல்லாம் போடலாமா?
*— வாசகர், வியாசர்பாடி*

தாராளமாகப் போடலாம் தம்பி. கூத்துக் கட்டுகிறவர்களும் நாடகக்காரர்களும் காலம் காலமாக அரிதாரம் பூசித்தானே விளக்கு முன்னால் வந்தார்கள். பேன்கேக்கே அப்படி வந்ததுதான். ஹாலிவுட்டில் கலர் சினிமா தொடங்கியபோது, 1930களில், அந்தப் பெரிய விளக்குகளுக்குத் தாக்குப்பிடிக்க மேக்ஸ் ஃபேக்டர் கம்பெனி செய்தது அது.

மேடையில் விளக்கு நேராக முகத்தில் அடிக்கும்போது முகத்தின் மேடு பள்ளம் அழிந்து தட்டையாகத் தெரியும். அதனால் வீட்டுக்குப் போடுவதைவிட ஒரு மடங்கு அழுத்தமாக கான்டூர் போடலாம், தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தாடி இருக்கிற இடத்தில் ஃபவுண்டேஷன் வேண்டாம், முடியில் ஒட்டித் தூள் தூளாக நிற்கும். மூக்கு, கண்ணுக்குக் கீழே, நெற்றி போதும். வியர்வை வந்தால் கைக்குட்டையால் துடைக்காதீர்கள். டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றி எடுத்துவிட்டு, பவுடர் பஃப்பை அழுத்தி எடுங்கள்.

போட்டோவில் வெள்ளையாக வருவது பவுடரால். சிலிக்கா கலந்த வெள்ளைப் பவுடர் நேரில் கண்ணுக்கே தெரியாது, ஃபிளாஷ் பட்டதும் அப்படியே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். உங்கள் நிறத்திலேயே இருக்கிற காம்பேக்டுக்கு (டப்பாவில் அழுத்தி வைத்த பவுடர்) மாறிவிடுங்கள். மேடை ஏறுவதற்கு முன்னால் நண்பரை ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

எண்ணூரிலிருந்து தினமும் பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறேன். கடற்காற்றில் பிசுபிசுவென்று ஃபவுண்டேஷன் இறங்கிவிடுகிறது. சன்ஸ்க்ரீன் கலந்த ஃபவுண்டேஷன் இருக்கும்போது தனியாக சன்ஸ்க்ரீன் எதற்கு?
*— வாசகி, எண்ணூர்*

தனியாக வேண்டும். பாட்டிலில் எழுதியிருக்கிற பாதுகாப்பு முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால் முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். ஃபவுண்டேஷனை அந்த அளவுக்கு யாரும் பூச மாட்டோம்.

இறங்குவதற்குக் காரணம், நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் முகத்திலேயே நிற்கும். தினசரி வேலைக்கு முழு முகத்துக்கும் ஃபவுண்டேஷன் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. சன்ஸ்க்ரீன், தழும்பு இருக்கிற இடத்தில் மட்டும் கன்சீலர், அதன் மேல் கொஞ்சம் காம்பேக்ட். விசேஷ நாளில் முழுதாகப் போடும்போது, ஃபவுண்டேஷனை ஒரே தடவையில் கனமாகப் பூசாமல் இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள், நடுவில் ஐந்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். சாயங்காலம் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கலைக்காமல் படுக்கக் கூடாது. பரு வராத தோல் என்றால் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டு சோப்பு போடலாம். பரு வருகிறவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும், மேக்கப் கலைப்பதற்கென்றே விற்கிற மைசெல்லர் வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் பெண்ணுக்கு 16 வயது. ஃபவுண்டேஷனுக்கு முன்னால் போட்டால் முகம் வெளுக்கும் என்று தோழி கொடுத்த ஒரு டியூப் கிரீமை இரண்டு மாதமாகப் பூசுகிறாள். முதலில் பளபளவென்று இருந்தது. இப்போது சிவந்து, பருவாக வருகிறது. மேலே ஃபவுண்டேஷன் போட்டு மறைக்கிறாள். என்ன செய்வது?
*— ஒரு தாய், காசிமேடு*

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. வாரத்தில் ஒருவராவது இப்படி என் பார்லருக்கு வருகிறார்கள். அந்த டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று எதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன நாள் வரை மட்டும் போடுகிற மருந்து, அழகு சாதனம் இல்லை. தொடக்கத்தில் வெளுக்கும், பிறகு தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், முகத்தில் முடிகூட வளரும். பெயரே இல்லாத டப்பா என்றால் பாதரசம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பெண்ணைத் திட்டாதீர்கள். டியூபோடு அழைத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். உங்களுக்குப் பக்கம்தான், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. பல நாள் போட்ட ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தினால் முகம் இன்னும் எரிந்து சிவக்கலாம், எப்படி நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள். ஆறும் வரை மேக்கப் எதுவும் வேண்டாம். அவள் பயன்படுத்திய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். முகம் சரியானதும் என் பார்லருக்குக் கூட்டி வாருங்கள். அவள் நிறத்திலேயே எவ்வளவு நன்றாக இருப்பாள் என்று நானே போட்டுக் காட்டுகிறேன், காசு வேண்டாம்.

மகனுக்குக் கல்யாணம். எனக்கு வயது 58. மருமகள் வீட்டார் எல்லாரும் மேக்கப்போடு வருவார்களாம். நான் போட்டுப் பார்த்தால் சுருக்கத்துக்குள் பவுடர் போய் உட்கார்ந்து இன்னும் வயதாகத் தெரிகிறது.
*— வாசகி, கொருக்குப்பேட்டை*

பவுடரைக் குறைத்தால் பாதி சரியாகிவிடும். முதல் நாள் இரவே மாய்ஸ்சரைசர் நன்றாகப் பூசிப் படுங்கள், காலையிலும் ஒரு தடவை. ஃபவுண்டேஷன் தண்ணீராக இருக்கிற வகையில் வாங்குங்கள், பேன்கேக் வேண்டாம். ஸ்பாஞ்சால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. போட்டுவிட்டு இரண்டு நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள், சிரியுங்கள். சுருக்கத்துக்குள் சேர்ந்ததை விரல் நுனியால் தட்டி எடுத்துவிட்டு, மூக்கிலும் நெற்றி நடுவிலும் மட்டும் துளி பவுடர் வையுங்கள். கண்ணுக்குக் கீழே வேண்டாம்.

கான்டூரும் வேண்டாம். இந்த வயதில் கன்னம் தானாகவே கொஞ்சம் ஒட்டியிருக்கும், அங்கே நிழல் வைத்தால் களைப்பாகத் தெரியும். அதற்குப் பதில் கன்னத்துக்குச் சிவப்பு கொடுக்கிற கிரீம் பிளஷ், கன்னத்தின் மேட்டில், காதுப் பக்கம் ஏற்றினாற்போல. மண்டபத்தில் விளக்கு அதிகம், அதனால் உங்களுக்குச் சரி என்று தோன்றுவதைவிட ஒரு துளி கூடவே வையுங்கள்.

பொட்டு வைக்கிற இடத்தில் ஃபவுண்டேஷனும் பவுடரும் இருந்தால் ஸ்டிக்கர் பொட்டு நிற்காது, சாப்பாட்டுப் பந்தியில் விழுந்துவிடும். அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டுங்கள். கைப்பையில் இன்னொரு அட்டைப் பொட்டும் இருக்கட்டும்.